பின்னால் உட்கார உரிமம்

முனியப்பனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவர் சைக்கிள் உரிமத்துக்காக ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்த கதை இது என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கவயலில் சின்னப் பையனாக இருந்தபோது, சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சைனைட் மேட்டுச் சரிவில் ஒருமுறை பழகிப் பார்த்தார். சைக்கிள் ஒரு பக்கம் போனது, முன்பல் ஒரு பக்கம் போனது. அதோடு விட்டுவிட்டார்.

சைக்கிள் ஓட்டியது அவர் மனைவி தனலக்ஷ்மி. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கார்மென்ட்ஸில் அவளுக்குத் தையல் வேலை. அங்கிருந்து நாலு கிராஸ் தள்ளி ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் இவருக்கு வேலை. காலையில் அவள் முன்னால் மிதிப்பாள். இவர் இரண்டு டிபன் பாக்ஸ்களையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் கேரியரில் உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் பீன்யாவே நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னா முனியப்பா, அம்மா ஸ்கூல்ல வுட கூட்டினு போறாங்களா?" என்று டீக்கடையிலிருந்து கேட்பார்கள்.

"ஆமாண்ணா, மூணு வருசமா ஒரே கிளாசு" என்று தனலக்ஷ்மியே பதில் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போவாள்.

கேரியர் கம்பி உறுத்துகிறது என்று அவர் ஒருநாள் முனகியதற்கு, கம்பெனியில் கழித்துப்போட்ட ஜீன்ஸ் துண்டுகளை அடுக்கி ஒரு மெத்தை தைத்து, கேரியரோடு சேர்த்துக் கட்டினாள். நாலு மூலையிலும் நாடா. நடுவில், யாரும் கேட்காமலே, ஒரு பாக்கெட். அதில் அவர் பீடிக்கட்டு வைப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொள்வாள்.

ஓட்டுவது அவள் வேலை, கை காட்டுவது இவர் வேலை. தும்கூர் ரோட்டு நெரிசலில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தால் வண்டி ஆடும் என்பது அவள் கட்சி. ஆகவே வலதுபக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் "கை" என்பாள். இவர் கையை நீட்டுவார். பின்னால் வரும் பஸ்ஸோ லாரியோ முறைத்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கும். கல்யாணமாகி மகள் ரூபினி பிறந்து, அவள் படித்து மல்லேஸ்வரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது வரைக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் அக்கா வீட்டுச் சாவுக்காக முனியப்பன் தங்கவயல் போயிருந்தார். அன்றைக்கு தனலக்ஷ்மி தனியாக வேலைக்குப் போனாள். திரும்புகிற இடத்தில் ஒரு தண்ணீர் லாரி. அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

தாலியும் கம்மலும் ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு செருப்பு கிடைக்கவே இல்லை. சைக்கிள் மட்டும் பெரிய சேதமில்லாமல் இருந்ததாம். ஆனால் அதை வாரியம் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்தில் போக்குவரத்து ஏன் நகரமாட்டேன் என்கிறது என்று கண்டறிய ஒரு குழு போட்டார்கள். குழு காரில் போய் ஆராய்ந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சைக்கிள்காரர்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஊரே நிற்கும்போது ஒருவன் மட்டும் போகிறான் என்றால் அவன் ஏதோ விதியை மீறுகிறான் என்று குழு முடிவு செய்தது. அதன் விளைவுதான் பெருநகர மிதிவண்டி ஓட்டுநர் தகுதி மற்றும் ஒழுங்கு வாரியம். கன்னட வருஷப்பிறப்பான உகாதியிலிருந்து சைக்கிள் ஓட்ட உரிமம் கட்டாயம் என்று அறிவித்தார்கள். உரிமத்துக்கான தேர்வு மைதானம் மட்டும் இன்னும் கட்டி முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முனியப்பன் வாரியத்துக்குப் போனார். வாசலில் ஒரு பெரிய பலகை: "சைக்கிள் ஓட்டுவோம், காற்றைக் காப்போம்." அதற்குக் கீழே பிடித்துவந்த சைக்கிள்களை ஏற்றிய லாரி ஒன்று புகை விட்டுக்கொண்டு நின்றது.

கவுன்ட்டரில் மமதா என்ற பெண் இருந்தாள். கன்னடத்தில் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"யேனு பேக்கு? இன்னா வேணும்ணா?"

"என் வீட்டுக்காரி சைக்கிளும்மா. அவ தவறிட்டா. வண்டி இங்க இருக்குதாம்."

"அவங்க லைசன்ஸ் குடுங்க."

"இல்லம்மா. அப்ப யாருக்குமே நீங்க குடுக்கலியே."

"குடுக்கலைன்னா ஓட்டியிருக்கக் கூடாது இல்லையா?"

"வேலைக்குப் போவணும்ல?"

"அது லேபர் டிபார்ட்மென்ட்டுணா. இது சைக்கிள்."

அவள் கெட்ட பெண் அல்ல. தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்து, ஒரு வழியும் சொன்னாள். இறந்தவருக்கு உரிமம் இல்லாவிட்டாலும், வாங்க வருகிறவருக்கு இருந்தால் வண்டியைக் கொடுக்க விதியில் இடமுண்டு.

"எனக்கு ஓட்டவே தெரியாதும்மா."

"தெரியணும்னு இல்லணா. லைசன்ஸ்தான் இருக்கணும். மொதல்ல எல்எல்ஆர் போடுங்க. பழகும்போது லைசன்ஸ் உள்ள ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

"சைக்கிள்ல பக்கத்துல எங்கம்மா உக்கார்றது?"

மமதா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். காருக்கு எழுதிய விதியில் 'கார்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'மிதிவண்டி' என்று மாற்றியிருந்தார்கள். சீட் பெல்ட்டும் அப்படியே இருந்தது.

"பக்கத்துலன்னா பின்னாடின்னு வச்சுக்கலாம்."

"அப்படி லைசன்ஸ் வச்சிருக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லணா. இன்னும் யாருக்கும் குடுக்கல."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜன்னலை மூடும் நேரமாகிவிட்டதால், கடைசியாக ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டாள்: "ஆயுத பூஜைக்குள்ள வாங்கிக்கங்கணா. பூஜை முடிஞ்சதும் யாரும் கேக்காத வண்டியெல்லாம் குஜரிக்குப் போயிடும். பழைய இரும்பு, கிலோ கணக்கு."

அலுவலகத்துக்குப் பின்னால் கம்பிவலை போட்ட மைதானத்தில் சைக்கிள்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. பால்காரர் சைக்கிள், பள்ளிக்கூடச் சைக்கிள், கீரைக் கூடையோடு பிடித்துவந்து கூடைக்குள்ளேயே கீரை முளைத்துவிட்ட சைக்கிள். வாட்ச்மேன் நோயல் ஒரு குடையோடு வந்தார். பேச்சு வாக்கில் அவரும் தங்கவயல் என்று தெரிந்தது.

"எந்த பக்கம்?"

"சாம்பியன் ரீப்."

"நான் மாரிகுப்பம். எங்கப்பாவும் உங்கப்பாவும் சுரங்கத்துக்குள்ள ஒரே கேஜ்ல எறங்கியிருப்பாங்க. எது உங்க வண்டி? அந்த மெத்த வச்சதா?"

மெத்தையின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை இறுக்கிக் கட்டியிருந்தது.

"யாரோ ஆசையா தச்சிருக்காங்க, நனையுதேன்னு நான்தான் போட்டேன். எடுத்துக் குடுத்துடுவேன், கேமரா வச்சிருக்கானுங்க. உரிமம் இல்லாத எவனும் சைக்கிள ஓட்டவோ தள்ளவோ நகர்த்தவோ கூடாதாம். போன வாரம் பஞ்சராயி தள்ளினு வந்த பால்காரனுக்கு பைன் போட்டானுங்க. டிவில கூட வந்துச்சு."

முனியப்பன் வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை.

அதன்பிறகு அவர் போகாத நாளில்லை. இந்த ஊரில் ஒரு காலத்தில் பேய் வராமலிருக்க வீட்டுக் கதவில் 'நாளை வா' என்று எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டு மறுநாள் வரும், மறுபடியும் படிக்கும். முனியப்பன் அந்தப் பேய் மாதிரி வந்துபோனார். பட்டறை முதலாளி முதலில் பரிதாபப்பட்டு, பிறகு முறைத்து, கடைசியில் அரைநாள் விடுப்பு என்று அவர் சொல்வதற்கு முன்பே கையை ஆட்டி அனுப்பிவைத்தார்.

ஒருவழியாக, வாரியத்தின் துணை இயக்குநர் வெங்கடராமன் அவரை அறைக்குள் கூப்பிட்டார். மல்லேஸ்வரத்துக்காரர். நெற்றியில் மெல்லிய குங்குமம், மேஜையில் சின்னதாக ஒரு பித்தளைச் சைக்கிள்.

"உக்காருங்கோ. தமிழாளா, ரொம்ப சந்தோஷம். உங்க ஆத்துக்காரி விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு. ஆனா உணர்ச்சியை ஒதுக்கி வச்சுட்டுப் பார்க்கணும். விபத்துன்னா ரெண்டு பார்ட்டி. ஒண்ணு லாரி. அதுக்கு லைசன்ஸ் இருக்கு, பர்மிட் இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு. இன்னொண்ணு உங்க ஆத்துக்காரி. ஒண்ணுமே இல்லை. இதுல ஒழுங்கா இருந்தது யாரு, நீங்களே சொல்லுங்கோ."

"லாரிதான் சார் இடிச்சது."

"இடிச்சது. நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா லைசன்ஸோட இடிச்சது."

முனியப்பன் பித்தளைச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கேரியர் இல்லை.

வெங்கடராமனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்த வாரியம் வந்தப்பறம் சைக்கிள் விபத்து பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. ஏன்னு நினைக்கறேள்?"

"ரோட்டுல சைக்கிளே இல்லியே சார்."

"பார்த்தேளா, நீங்களே கண்டுபிடிச்சுட்டேள். இதைத்தான் நான் மேலிடத்துக்கு எழுதினேன். இன்னும் அஞ்சு வருஷம் குடுங்கோ, ஒரு சைக்கிள் விபத்து இல்லாத நகரமா மாத்திக் காட்டறேன்னு. சாலை போடணும்னா நிலம் வேணும், லாரியை அடக்கணும்னா லாரிக்காரா எல்லாம் சங்கம் வச்சிருக்கா. சைக்கிள்காரா அப்படியில்லை. சொன்னாக் கேப்பா. திருத்தறதுக்கு யார் சௌகரியமோ, அவாகிட்டேருந்துதானே ஆரம்பிக்கணும்?"

"எனக்கு அந்த வண்டி வேணும் சார். ஓட்டறதுக்கு இல்ல. நான் அதுல பின்னாடி உக்காந்துதான் போவேன். இருபது வருசத்துக்கு மேல."

வெங்கடராமன் நாற்காலியில் நிமிர்ந்தார். "உரிமம் இல்லாம இருபது வருஷமா உக்காந்தேளா?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று முகம் மலர்ந்தார். "இருங்கோ. பின்னாடி உக்கார்றவாளுக்கும் ஒரு கிளாஸ் வச்சிருக்கோம். 'பி' கிளாஸ். விதி எழுதறச்சே எல்லாரும் சிரிச்சா. நான்தான் பிடிவாதமா சேர்த்தேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட அப்ளை பண்ணலை. நீங்க பண்ணுங்கோ."

"அது இருந்தா வண்டி குடுப்பீங்களா சார்?"

"உரிமம் உள்ளவாளுக்கு வண்டி குடுக்கணும்கறது விதி. விதியை நான் மீற முடியுமா?"

முனியப்பன் நம்பினார். 'உரிமம் உள்ளவர்' என்று வெங்கடராமன் தன் வாயால் சொன்னதை, வெளியே வந்து நோயலிடம் அப்படியே ஒருமுறை சொல்லிக் காட்டினார். நோயல், "அவரு சொன்னத வுடு, சொல்லாதது இன்னான்னு பாரு" என்றார்.

தேர்வு மைதானம் புரட்டாசி பிறந்தபிறகு தயாரானது. முதலில் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு பாதை போட்டார்கள். நகரச் சாலைபோல இல்லையே என்று யாரோ குறை சொன்னதால், அளவு சொல்லி மாதிரிக் குழிகள் தோண்டக் காண்டிராக்ட் விட்டார்கள். குழி தோண்டிய மறுநாள் பெரிய இடத்திலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வரவே, இரவோடு இரவாக எல்லாக் குழிகளையும் மூடித் தார் போட்டார்கள். இந்த வருஷம் நகரத்தில் முழுசாகக் குழி மூடிய சாலை அது ஒன்றுதான். தார் காயும்வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதால், தேர்வை ஹாலுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

தேர்வு அதிகாரி கிரண் ஒரு கன்சல்டன்சியிலிருந்து வந்த இளைஞன். ஹாலில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சைக்கிள். எதிரே பெரிய திரை. திரையில் ஒரு சாலை ஓடியது. இரண்டு பக்கமும் பூச்செடி, பக்கத்தில் வாய்க்கால், அதில் வாத்து. மனிதர் நடமாட்டமே இல்லை.

"இது எங்க சார் இருக்கு?"

"ஹாலண்ட். சைக்கிளுக்கு அதான் இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட்."

"நான் பீன்யால போவணும் சார்."

"பீன்யா சிலபஸ்ல இல்ல அங்கிள்."

சைக்கிளின் முன் சீட்டில் மணல் நிரப்பிய ஒரு கோணி மூட்டையை உட்காரவைத்து, ஒளிரும் சட்டை போட்டு, தலைக்கு ஹெல்மெட் கவிழ்த்திருந்தார்கள். "இவர்தான் உங்க ரைடர்" என்று கிரண் மரியாதையாக அறிமுகம் செய்துவைத்தான். முனியப்பன் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். கம்பி உறுத்தியது. கண்ணுக்கு நேரே ஒரு முதுகு. அதில் வியர்வை இல்லை, பின்னல் இல்லை, பூவாசம் இல்லை. திரையில் சாலை ஓட ஆரம்பித்தது.

கொஞ்ச தூரம் போனதும் சாலை வலதுபக்கம் வளைந்தது. யாரும் "கை" என்று சொல்லவில்லை. ஆனால் முனியப்பனின் வலது கை தானாக எழுந்து நீண்டது.

கிரண் படத்தை நிறுத்தினான். "அங்கிள், கை ஏன் நீட்டினீங்க?"

"சோத்துக்கைப் பக்கம் திரும்புதேப்பா."

"சிக்னல் ரைடரோட டூட்டி. மேனுவல்படி பின்னாடி இருக்கிறவர் லோடு. லோடு சிக்னல் குடுக்கக் கூடாது. ரெண்டு மார்க் போச்சு."

"இவரும்தான் குடுக்கல" என்று முனியப்பன் மூட்டையைக் காட்டினார்.

"அவர் மார்க் தனி அங்கிள்."

"மூட்டைக்குமா?"

"இதுவரைக்கும் எல்லா ட்ரயல்லயும் அவருக்கு ஃபுல் மார்க். டென்ஷன் ஆகமாட்டார், லேன் மாத்தமாட்டார், யார்கிட்டயும் வாக்குவாதம் பண்ணமாட்டார். ஐடியல் சைக்கிளிஸ்ட்." கிரண் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர்களுடைய அறிக்கையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அடுத்த சுற்றில் முனியப்பன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வளைவு வந்தபோது விரல்கள் துடித்தன. அழுத்திக்கொண்டார். பாஸ்.

நகரத்திலேயே வாரியம் கொடுத்த முதல் உரிமம் அதுதான். ஆகவே விழா எடுத்தார்கள். முனியப்பனுக்கு மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுத்தார்கள். பேட்டா பெரிதாக இருந்ததால் கண்வரைக்கும் இறங்கிவிட்டது. வெங்கடராமன் பேசினார்:

"இந்த நகரத்தில் முறையாக, பாதுகாப்பாக, சட்டப்படி பின்னால் உட்காரத் தெரிந்த முதல் குடிமகன் இவர். முன்னால் ஓட்டுவதற்கு ஆளே இல்லாதபோதும் பின்னால் உட்காரத் தயாராக இருக்கிறாரே, இந்த ஒழுக்கத்தைத்தான் வாரியம் மக்களிடம் எதிர்பார்க்கிறது. இவருடைய துணைவியார் உரிமம் இல்லாமல் ஓட்டினார். அவர் இன்று நம்மிடையே இல்லை. இவர் உரிமம் பெற்றார். இதோ, நம்மிடையே இருக்கிறார். உரிமத்தின் அவசியத்தை இதைவிட எளிமையாக யாரால் விளக்க முடியும்?"

கைதட்டினார்கள். பேட்டா மறைத்திருந்ததால் முனியப்பனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. படத்துக்கு நிற்கும்போது கிரண் அதைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டான். அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை ஆனந்தக் கண்ணீர் என்று மறுநாள் போட்டார்கள்.

விழா முடிந்த கையோடு, பேட்டாவைக் கழற்றாமலே கவுன்ட்டருக்குப் போனார். அட்டையை நீட்டினார். மமதா வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"அபினந்தனே அண்ணா, வாழ்த்துகள். ஆனா இது 'பி' கிளாஸ். இத வச்சு வண்டி வாங்கணும்னா முன்னாடி ஓட்ட 'ஏ' கிளாஸ் ஒருத்தர் கூட வரணும்."

"யாரும் பாஸ் பண்ணலியேம்மா."

"பண்ணிடுவாங்கணா. பொங்கலுக்குள்ள எப்படியும் ஒரு பேட்ச் முடியும்."

"ஆயுத பூஜை அடுத்த வாரம்."

மமதா அட்டையை மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள். ஜன்னலை மூடவில்லை. அதுவரைக்கும் அவளால் முடிந்த உதவி அதுதான்.

அன்று வீட்டில் பழக்கூடையைப் பார்த்துவிட்டு ரூபினி, "விட்டுடுப்பா. அது வெறும் சைக்கிளு. உன்ன வச்சு காமெடி பண்றானுங்க" என்றாள்.

"சைக்கிள யாரு கேட்டா" என்றார் முனியப்பன். "மெத்தய அறுத்துக் குடுன்னாக்கூட, அது வண்டியோட பாகம்னு சொல்லிட்டாங்க."

ரூபினி எழுந்து போனாள். ஆப்பிளைக் கழுவி அறுத்துக்கொண்டு வந்து வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே பழைய இரும்பு லாரி வாரியத்தின் வாசலில் வந்து நின்றுவிட்டது. உள்ளே வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, ஜீப்புக்கும் கார்களுக்கும் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மைதானத்துச் சைக்கிள்களையும் கழுவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அது வெங்கடராமனின் கட்டளை. போன வருஷம் வேறு ஒரு இலாகாவில் இருந்தபோது, பிடித்துவைத்த வண்டிகளுக்குப் பூஜை போடாமல் விட்டாராம். அந்த மாதமே அவரை இந்த வாரியத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து காம்பவுண்டுக்குள் இருக்கிற ஒரு ஆணிக்குக்கூடப் பூஜை விட்டுப்போகக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

பூசணிக்காய் சுற்றிச் சாலையின் நடுவிலேயே உடைத்தார்கள். இரண்டு ஸ்கூட்டர்கள் அதில் வழுக்கிச் சமாளித்துக்கொண்டு போயின. ஸ்கூட்டர் வேறு வாரியம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஜீப்பும் கார்களும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போய், காம்பவுண்டைச் சுற்றி, பின்வாசல் வழியாக உள்ளே வந்தன. பூஜை போட்ட வண்டி முன்னால்தான் போக வேண்டும், பின்னுக்கு இழுக்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார்.

சைக்கிள்களின் முறை வந்தது. ஒருவரும் அசையவில்லை.

"என்ன நிக்கறேள்? தள்ளிண்டு போங்கோ" என்றார் வெங்கடராமன்.

மமதா தொண்டையைச் செருமினாள். "சார், உரிமம் இல்லாம நகர்த்தக் கூடாதுன்னு நாமதான் ரூல் போட்டோம். பால்காரர் விஷயம் டிவில வந்துச்சு. இன்னைக்கும் டிவிக்காரங்க வந்திருக்காங்க."

வெங்கடராமன் ஊழியர்களைப் பார்த்தார். ஊழியர்கள் கிரணைப் பார்த்தார்கள். கிரணிடமும் உரிமம் இல்லை. அவன் தேர்வு வைக்கிறவன், எழுதுகிறவன் அல்ல. மூட்டைக்கும் மார்க் இருந்ததே தவிர உரிமம் கொடுத்திருக்கவில்லை. பழம் நசுங்காமல் பூஜை முடியாது. பூஜை முடியாமல் இரும்பு லாரி கிளம்பாது.

"ஒருத்தருக்கு இருக்கு சார்" என்று நோயல் வாசல் பக்கம் கையைக் காட்டினார். லாரியின் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில், அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு முனியப்பன் நின்றிருந்தார்.

"அது 'பி' கிளாஸ் சார்" என்றாள் மமதா. "முன்னாடி ஒருத்தர் ஓட்டணும்."

வெங்கடராமன் யோசித்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பூஜைப் பலகையில் சாமுண்டேஸ்வரி படம் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு இங்கே இருக்கற வண்டியெல்லாம் அம்பாளோடது" என்றார் கடைசியில். "முன்னாடி அம்பாள் ஓட்டறா. படத்தை ஹேண்டில்பாரிலே கட்டுங்கோ. 'பி' கிளாஸ் அம்பாளுக்குத் துணையாப் போறார். அப்படியே ஃபைல்ல நோட் போட்டுடுங்கோ."

"அம்பாளுக்கு லைசன்ஸ் சார்?" என்று நோயல் அப்பாவியாகக் கேட்டார்.

"சிங்கத்தையே ஓட்டறா. சைக்கிள் ஓட்டமாட்டாளா? நீ சும்மா இரு."

முனியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படத்தை முதல் சைக்கிளில் கட்டினார்கள். அவர் அதைப் பிடித்து, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி, முன்வாசல் வழியாக வெளியே தள்ளிப்போய், காம்பவுண்டைச் சுற்றிப் பின்வாசலில் விட்டார். படத்தை அவிழ்த்து அடுத்ததில் கட்டினார்கள். பால்காரர் வண்டி போயிற்று. பள்ளிக்கூட வண்டி போயிற்று. கீரை வண்டி போயிற்று. சுற்றி வந்தவற்றை இரும்பு லாரிக்காரர்கள் பின்வாசலிலேயே தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிவிக்காரர்கள் கொஞ்ச நேரம் படம் எடுத்துவிட்டுப் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வெயில் ஏறிவிட்டது. முனியப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தண்ணி குடிண்ணா" என்று நோயல் பாட்டிலை நீட்டினார். பிறகு, யாரும் கேட்காத குரலில், "உன் வண்டியக் கடைசில வச்சிருக்கேன்" என்றார்.

கடைசி வண்டியின் மெத்தைமேல் பிளாஸ்டிக் பை இல்லை. நோயல் எடுத்திருந்தார். முனியப்பன் அதன்மேல் ஒருமுறை கையை வைத்தார். காய்ந்திருந்தது. அம்பாளை ஹேண்டில்பாரில் கட்டி மாலையையும் போட்டார்கள். முன்சக்கரம் ஏறிப் பழம் நசுங்கியது. பின்சக்கரம் ஏறி அடுத்ததும் நசுங்கியது.

முன்வாசலைத் தாண்டினார். காம்பவுண்டுச் சுவர் இடதுபக்கம் திரும்பியது. முனியப்பன் திரும்பவில்லை. நேராகப் போனார்.

வெங்கடராமனுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் இரண்டடி முன்னால் வந்து, மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

"சார், சார்" என்று நோயல் பதறினார். "பூஜ போட்டுக் கிளம்புன வண்டி சார். அதுவும் அம்பாள் ஓட்டினு போறாங்க. பின்னாலருந்து கூப்புடலாமா சார்?"

வெங்கடராமன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி, கூடாது என்று தலையை ஆட்டினார். திறந்த வாய் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. மமதா அதில் போடுவதற்கு என்பதுபோலப் பிரசாதத் தட்டை நீட்டினாள். வேறு வழியில்லாமல் ஒரு பிடி பொரியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முனியப்பன் சாலையின் இடது ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். தள்ளுவதுகூட அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. பெடல் அடிக்கடி காலில் இடித்தது. வீட்டுக்குப் போக வேண்டிய தெரு வலதுபக்கம் வந்தது. ஒருகணம் நின்று காதைக் கொடுத்தார். ஹாரன்கள்தான் கேட்டன. ஒரு கையால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டினார்.

பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. முனியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை, கையை மடக்கவும் இல்லை. முன்சக்கரம் கடந்து, பின்சக்கரம் கடந்து, கேரியர் மெத்தையும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கையை இறக்கினார்.